தம் கட்டாமல் தண்ணீருக்குள் ஐந்து நாள்

வந்து சேர்ந்த மாலை

படகு துறையைத் தொட்டபோது வெயில் இறங்கிவிட்டது. அறையில் பையை வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் டைவிங் நிலையத்துக்குப் போனோம், நானும் அக்கா மகளும். வாசலிலேயே ஈர ரப்பர் வாசனை. கொடியில் வரிசையாகத் தொங்கும் வெட்சூட்கள், சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்திய சிலிண்டர்கள், பின்கட்டில் அவற்றுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரெஸரின் இரைச்சல்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பழைய காதுவலி. மூன்று வருடத்துக்கு முன் வேறொரு கடற்கரையில், "வாயால மூச்சு விடுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி முதுகில் சிலிண்டரை மாட்டி, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நேரே கீழே இறக்கினார்கள். காதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வலிக்கிறது என்று காட்ட எனக்குச் சைகையும் தெரியாது. பத்து நிமிடத்தில் மேலே கொண்டுவந்து, படம் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் காது குடைந்தது. புதிதாக வருகிற ஒருவரை இப்படித் தண்ணீருக்குள் கொண்டுபோவது தவறு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த வலிக்கு நடுவிலும் கண்ணில் பட்ட நீலம் மனதை விட்டுப் போகவே இல்லை. இறங்கினால் இனி முறையாகக் கற்றுக்கொண்டுதான் இறங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இன்று வேலை ஒன்றுதான்: மருத்துவப் படிவம். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, வலிப்பு வந்ததுண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா. சில கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். பழைய காதுவலியை நான் எழுதினேன். ஊரிலிருந்து கிளம்புமுன்பே காதைக் காட்டி வாங்கிய கடிதம் கையில் இருந்தது. எங்களுக்கு டைவிங் சொல்லித்தரப்போகிற மாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"இதுல மறைச்சா எனக்கு ஒண்ணும் ஆகாது மேடம். தண்ணிக்குள்ள போறது உங்க உடம்பு" என்றார்.

அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

முதல் நாள்

காலையில் நீச்சல் பரீட்சை. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பிறகு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகம் பார்ப்பதில்லை. பதறாமல் இருக்கிறோமா என்றுதான் பார்க்கிறார்கள். மல்லாந்து மிதந்த அந்தப் பத்து நிமிடமும் எனக்கு நல்ல ஓய்வாக இருந்தது.

அப்புறம் வகுப்பு. மாஸ்டர் பலகையில் ஒரு பலூன் வரைந்தார். கடல் மட்டத்தில் நம்மை அழுத்தும் காற்றின் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் கூடும். மேலே ஊதிக் கட்டிய பலூனை 10 மீட்டருக்குக் கொண்டுபோனால் பாதியாகும், 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 30 மீட்டரில் கால் பங்கு. இது பள்ளியில் படித்த பாயில் விதிதான். பிறகு அதே பலூனைத் திருப்பி வரைந்தார். 10 மீட்டர் ஆழத்தில் ஊதிக் கட்டி மேலே கொண்டுவந்தால் அது இரண்டு மடங்காகும். "இந்த பலூன்தான் உங்க நெஞ்சு" என்றார். கீழே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய காற்றை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழிய வாய்ப்பு உண்டாம். நாங்கள் பயிற்சி செய்யப்போகும் குளத்திலேயே அந்த ஆழம் இருக்கிறது.

ஆகவே முதல் விதி, எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் என்றால் தம் கட்டு என்றுதான் நம் உடம்புக்குத் தெரியும். சின்ன வயதில் யார் அதிக நேரம் தம் கட்டுவது என்று எண்ணிக்கொண்டு முங்கிய பிள்ளைகள்தானே நாமெல்லாம். முத்துக் குளித்தவர்கள் தம் கட்டித்தானே இறங்கினார்கள் என்று கேட்டேன். மாஸ்டர் அதற்கும் பலூனைத்தான் காட்டினார். மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறவருக்கு நெஞ்சுக் காற்று கீழே சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். அதற்கு மேல் விரியாது. கீழே காற்றை இழுக்கிறவருக்குத்தான் அது விரிய இடம் தேடும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரெகுலேட்டர் என்கிற கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. சிலிண்டரின் தலையில் இருக்கும் பாகம் அழுத்தத்தை ஒருமுறை குறைக்கிறது, வாயில் வைக்கும் பாகம் இன்னொரு முறை குறைத்து, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் கொடுக்கிறது. நாம் இழுத்தால் வரும், நிறுத்தினால் நிற்கும். 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து செய்தது இது. கன்யான் ஒரு பொறியாளர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வாயுவில் ஓடிய கார்களுக்காக அவர் வைத்திருந்த வால்வைத்தான் மனிதன் சுவாசிக்க மாற்றியமைத்தார்கள். நான் வாயில் வைத்துக் கடிக்கிற ரப்பருக்குப் பின்னால் ஒரு காரின் வால்வு இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாலை நான்கு மணிக்குக் குளத்தில் இறங்கினோம். மார்பளவு தண்ணீர். மண்டியிட்டு முகத்தை உள்ளே விட்டேன். நெஞ்சு தானாகவே பூட்டிக்கொண்டது. மாஸ்டர் என் முகத்துக்கு எதிரே வந்து, தன் வாயிலிருந்து குமிழிகளை மெதுவாக விட்டுக் காட்டினார். நானும் விட்டேன். பிறகு இழுத்தேன். வறண்ட, குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. தலைக்கு மேலே தண்ணீர் இருக்க, நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு இது போதும்.

இரண்டாம் நாள்

இன்று முழுவதும் மாஸ்க், கண்ணையும் மூக்கையும் மூடும் நீர்க்கண்ணாடி.

மாஸ்கில் தண்ணீர் புகுந்தால் நீருக்குள்ளேயே அதை வெளியேற்றத் தெரிய வேண்டும். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, மூக்கால் காற்றை விட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் கீழ் விளிம்பு வழியே ஓடிவிடும். பாதி மாஸ்க் அளவுக்கு எனக்குச் சரியாகவே வந்தது. மாஸ்கை முழுதாகக் கழற்றி, ஒரு நிமிடம் அப்படியே சுவாசித்து, திரும்ப மாட்ட வேண்டும் என்றபோதுதான் வராமல் போனது.

கழற்றியதும் தண்ணீர் மூக்கில் ஏறியது. வாயில் காற்று இருக்கிறது. நன்றாக, தடையில்லாமல் வருகிறது. அது அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் மூக்கைச் சுற்றித் தண்ணீர் பட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை இருமல் வந்து கண் சிவந்தது. அக்கா மகளுக்கு முதல் முறையிலேயே வந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்று காத்திருந்தாள்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றச் சொன்னார். வாயில் கடித்துக்கொள்ளும் மூச்சுக்குழாயான ஸ்நார்க்கல் மட்டும், மாஸ்க் இல்லை. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துச் சுவாசிக்க வேண்டும். "மூக்கை மறந்துடுங்க. வெளிய விடுற மூச்சை மட்டும் கவனிங்க. உள்ள வர்றது தானா வரும்" என்றார்.

விளிம்பில் பதித்த ஓடுகளின் குளிர்ச்சி விரலில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் மூக்கின் நுனியில் தண்ணீர் அரித்தது. மேலுதட்டில் ஒரு கூச்சம். வெளியே விடும் மூச்சை நீளமாக்கினேன். ஐந்து வரை எண்ணி விட்டேன், ஆறு வரை விட்டேன். எத்தனையாவது மூச்சு என்று தெரியாது, ஒரு கட்டத்தில் அந்த அரிப்பு போய்விட்டது. தண்ணீர் மூக்குக்குள் ஒரு விரற்கடை நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. நானாக மூக்கால் உறிஞ்சினால் ஒழிய அது ஏறாது. இதை யாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நினைக்கிறேன். அந்தக் கால் மணி நேரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் தெரியும்.

திரும்ப சிலிண்டர் மாட்டி, இறங்கி, மாஸ்கைக் கழற்றி, ஒரு நிமிடம். மங்கலான நீலத்தில் மாஸ்டரின் கை என் தோளில் இருந்தது. மாட்டி, தண்ணீரை வெளியேற்றி, கண் திறந்தபோது அக்கா மகள் இரண்டு கையாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் உடனே எங்கள் இருவரையும் மேலே கூட்டிப்போய்விட்டார். நீருக்குள் கட்டைவிரல் உயர்த்தினால் 'மேலே போகிறேன்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்று சொல்ல, ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். "இது விளையாட்டுச் சைகை இல்லம்மா. யார் காட்டினாலும் டைவ் முடிஞ்சது, ஏன்னு மேல போய்த்தான் கேப்போம்" என்று அவளிடம் பொறுமையாகச் சொன்னார். எனக்கு இந்த விதி பிடித்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இந்தச் சைகை தெரிந்திருக்க வேண்டும்.

ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் தேடி எடுப்பது, கூடவே இறங்கும் ஜோடியின் உபரி ரெகுலேட்டரில் சுவாசிப்பது எல்லாம் மளமளவென்று முடிந்தன. இதையெல்லாம் செய்யும்போதும் வாயில் ரெகுலேட்டர் இல்லாத நேரத்தில் சின்னச் சின்னக் குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடக்கக் கூடாது.

மூன்றாம் நாள்

கடல்.

படகில் ஒருவரையொருவர் சோதித்தோம். மிதக்கவும் தாழவும் உதவும் காற்றுச் சட்டை ஊதுகிறதா, அதிலிருந்து காற்று வெளியேறுகிறதா, எடைப்பட்டை இருக்கிறதா, கொக்கிகள் எப்படித் திறக்கும், காற்று வருகிறதா. காற்றைச் சோதிக்கும்போது ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுத்தபடியே சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் அளவுமானியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே குதித்து ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். அக்கா மகளின் முள் அசையாமல் 200-இல் நின்றது. மாஸ்க் கண்ணாடியில் எச்சில் தடவி அலசினேன். பனி படராமல் இருக்க எல்லாரும் செய்வது இதுதான்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு முழத்துக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதைச் சமன் செய்தேன். 300 வருடத்துக்கு முன் வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் வல்சால்வாவின் பெயரில் வழங்கும் உத்தி இது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் மெல்லிய குழாய் வழியே காற்று போய், வெளியிலிருந்து அழுத்தும் தண்ணீருக்கு ஈடுகொடுக்கிறது. வலது காது சொடுக்குப் போட்டது போலத் திறந்தது. இடது காது, அந்தப் பழைய காது, நான்கு மீட்டரில் அடைத்துக்கொண்டது.

கையை நீட்டி ஆட்டிக் காட்டி, காதைத் தொட்டேன். மாஸ்டர் உடனே நிறுத்தினார். ஒரு மீட்டர் மேலே ஏறினோம். தலையைச் சாய்த்து, எச்சில் விழுங்கி, மெல்ல ஊதினேன். வரவில்லை. பலமாக ஊதக் கூடாது, செவிப்பறை கெடும். இன்னும் கொஞ்சம் ஏறினோம். அவர் அவசரப்படவே இல்லை. கயிற்றைப் பிடித்து நான்கு நிமிடமாவது தொங்கியிருப்போம். பிறகு ஒரு சின்ன கீச்சொலி, காதுக்குள் காற்று நுழைந்தது. வளையம் காட்டினேன். இறங்கினோம். இந்த நான்கு நிமிடத்தை யாராவது அன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கலாம்.

10 மீட்டரில் வெள்ளை மணல். அக்கா மகள் தலையில் கட்டியிருந்த சிவப்புப் பட்டை செம்மை போய் மங்கிய பழுப்பாகத் தெரிந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். மாஸ்டர் டார்ச் அடித்தார், பட்டை சட்டென்று ரத்தச் சிவப்பானது, டார்ச்சை எடுத்ததும் அணைந்தது. எங்கேயோ ஒரு படகு போகும் சத்தம் கேட்டது, ஆனால் எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகிறது. இரண்டு காதுக்கும் அனேகமாக ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடுவதால் மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை.

அரை மணி நேரத்தில் என் முள் 60-க்கு வந்துவிட்டது. 50 பார் மிச்சத்தோடு மேலே போய்ச் சேர வேண்டும், அதனால் எல்லாரும் ஏறினோம். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றோம், உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற. மாஸ்டரிடம் 110 மிச்சம் இருந்தது. "ஓடி வந்தவங்க மாதிரி மூச்சு வாங்குறீங்க மேடம்" என்றார். உண்மைதான். 10 மீட்டரில் ஒரே மூச்சுக்கு மேலே ஆவதைப்போல இரண்டு மடங்கு காற்று செலவாகும். அவசர மூச்சு என்றால் கேட்கவே வேண்டாம்.

மதியம் இரண்டாவது டைவ். காது தொல்லை கொடுக்கவில்லை. மிச்சம் 65.

நான்காம் நாள்

மூன்றாவது டைவில் ஒரு பயிற்சி. சிலிண்டரில் காற்றே இல்லை, ஜோடியும் பக்கத்தில் இல்லை என்று வைத்துக்கொண்டு, 7 மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் நீந்தி மேலே வர வேண்டும். ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கும். ஆனால் இழுக்கக் கூடாது. வழி நெடுக 'ஆ...' என்று சத்தம் விட்டுக்கொண்டே வர வேண்டும். சத்தம் வந்தால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம்.

இரவு இதை நினைத்துத் தூக்கம் சரியாக வரவில்லை. ஏழு மீட்டர், அதுவும் மெதுவாக, நெஞ்சிலிருந்து காற்றை விட்டுக்கொண்டே. பாதி வழியில் மூச்சு தீர்ந்துவிட்டால்?

அண்ணாந்து, ஒரு கையை உயர்த்தி, 'ஆ' என்று தொடங்கினேன். மாஸ்டர் ஒரு கையில் கயிற்றையும் இன்னொரு கையில் என்னையும் பிடித்தபடி கூடவே வந்தார். ஐந்து மீட்டர், நான்கு மீட்டர். தீரவில்லை. சத்தம் நிற்கவில்லை. மூன்று மீட்டருக்கு மேலே போகப்போக, நான் விட விட உள்ளே காற்று ஊறிக்கொண்டே இருந்தது. கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுவது போல. முதல் நாள் பலகையில் பார்த்த பலூன் என் நெஞ்சுக்குள்ளேயே விரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் முகத்தில் உடைந்தபோதும் நான் 'ஆ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படகில் ஏறி வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். "சித்தி, அழறீங்களா?" என்று அக்கா மகள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான்காவது டைவ். பயிற்சி எதுவும் இல்லை, பவளத்திட்டு ஓரமாக மெதுவாகப் போய்வருவதுதான். 14 மீட்டர் வரை போனோம். எதையும் தொடக் கூடாது. பவளம் கல் மாதிரி இருக்கிறதே தவிர உயிருள்ள விலங்கு, நம் விரலோ காலில் மாட்டிய ஃபின்னோ பட்டால் மேல்தோல் போய்விடும். அதனால் மூச்சாலேயே உயரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இழுத்தால் ஒரு கணம் கழித்து உடம்பு கொஞ்சம் எழும்பும், விட்டால் கொஞ்சம் தாழும். அந்த ஒரு கணத் தாமதம் பிடிபட்டுவிட்டால் கை கால் அசைக்கவே தேவையில்லை.

ஒரு வட்டமான பவளத்தின் மேல் கிறிஸ்துமஸ் மரப் புழு ஒன்றை மாஸ்டர் காட்டினார். என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. உண்மையில் புழு பவளத்துக்குள் துளையில் இருக்கிறது, வெளியே தெரிவது அது சுவாசிக்கவும் இரை பிடிக்கவும் நீட்டியிருக்கும் இரண்டு சுருள் இறகுகள். ஒன்றுக்கொன்று சோடியாக, அடி அகன்று நுனி குறுகி, ஆழ்ந்த நீலத்தில், ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை மாதிரி நார்கள். நன்றாகப் பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். என் நிழல் பட்டதுதான் தாமதம், இரண்டு இறகும் மறைந்தன. சிறிய வட்டத் துளை மட்டும் இருந்தது, அதையும் ஒரு மூடி அடைத்திருந்தது.

மாஸ்டர் உள்ளங்கையைக் காட்டினார். நில்.

கொஞ்சம் பின்வாங்கி, பவளத்துக்கு ஒரு முழம் மேலே நின்றேன். இழுத்தேன், விட்டேன். எழும்பினேன், தாழ்ந்தேன். மூச்சுகளை எண்ணினேன். ஒன்பதாவது மூச்சில் மூடி அசைந்தது. பதினொன்றில் ஒரு நீல நுனி எட்டிப் பார்த்தது. பதினான்கில் இரண்டு சுருளும் முழுதாக விரிந்து நின்றன. அப்போது என் முகத்துக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் அசையவே இல்லை.

மேலே வந்தபோது முள் 70-இல் இருந்தது. நாற்பது நிமிடம் கீழே இருந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள்

இன்று டைவ் இல்லை. பல டைவ் முடித்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். உயரே காற்றழுத்தம் குறையும்போது, உடம்பில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடக் கூடாது. சோடா பாட்டிலைச் சட்டென்று திறப்பதும் மெல்லத் திறப்பதும் போலத்தான். மெல்ல ஏற வேண்டும், ஏறும் வழியில் நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டும் என்பதற்கு முதன்முதலாக அட்டவணை போட்டு 1908-இல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் ஸ்காட் ஹால்டேன். அவர் அதை ஆடுகளை வைத்துச் சோதித்துக் கண்டுபிடித்தார் என்று மாஸ்டர் சொன்னபோது, நேற்று 5 மீட்டரில் நின்ற 3 நிமிடமும் அந்த ஆடுகளுக்கு நான் பட்ட கடன் என்று தோன்றியது.

காலையில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசினோம். ரெகுலேட்டரில் சிலிண்டரின் தலையோடு சேரும் பாகத்துக்குள் தண்ணீர் போகாமல் மூடியைத் துடைத்து மாட்டக் கற்றுக்கொண்டேன். இந்தப் பயிற்சிக்குக் கிடைக்கும் சான்றிதழோடு, கூட ஒரு ஜோடி இருந்தால், 18 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் மேலும் படிக்க வேண்டும். எனக்கு இப்போதைக்கு 18 தாராளம்.

படகு மூன்று மணிக்கு. நிழலில் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்பினோம். டைவ் எண் 4. அதிக ஆழம் 14 மீட்டர். நேரம் 40 நிமிடம். தொடக்கம் 200, முடிவு 70. மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, குறிப்புகள் என்ற கட்டம் காலியாக இருப்பதைக் காட்டினார்.

"என்ன சித்தி எழுதுறீங்க?" என்று அக்கா மகள் எட்டிப் பார்த்தாள்.

நீலப் புழு. திரும்ப விரிய 14 மூச்சு.